இறுகிப்போன ஸ்பார்க் பிளக்

மோட்டார் காரின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் என்னும் சிறிய உறுப்பு ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெட்ரோலில் ஓடும் இருசக்கர வண்டிகளிலும், நம் தஞ்சைப் பகுதி வயல்களில் மருந்தடிக்கும் விசைத் தெளிப்பான்களிலும்கூட அது உண்டு. நடுவிரல் நீளமே உள்ள அந்த உறுப்பைப் புத்தகங்கள் தீப்பொறிச் செருகி என்று குறிப்பிடுகின்றன. மக்கள் வழக்கில் அது பிளக்தான். நானும் அப்பெயராலேயே குறிப்பிடுகிறேன். நாட்பட்ட பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது எளிய வேலை. ஆனால் சில வேளைகளில் அது தன் இடத்தை இறுகப் பற்றிக்கொண்டு வெளிவர மறுக்கும். அப்போது எஞ்சினுக்குச் சேதமில்லாமல் அதை எடுப்பது எப்படி என்பதே நாம் இங்கு ஆராயப்போகும் பொருள்.

இது மெக்கானிக்கின் வேலையாயிற்றே, இதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். உலோகம் வெப்பத்தால் விரிவது, எண்ணெய் நுண்ணிய இடைவெளியில் ஏறுவது, இரும்பு துருப்பிடிப்பது, நீண்ட பிடியால் திருப்பு விசை பெருகுவது ஆகிய அனைத்தையும் நீங்கள் வகுப்பறையில் தனித்தனியே படிக்கிறீர்கள். இறுகிய பிளக்கில் அவை யாவும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அவற்றை அறிந்து செயற்பட்டால் பிளக் வெளியே வரும். மறந்து செயற்பட்டால் எஞ்சின் கெடும். இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நானே, வேலை என்று வந்தபோது மறந்துபோனேன். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் பிளக்கின் தொழிலைப் பார்ப்போம். அதன் உடல் எஃகினால் ஆனது. நடுவே வெண்மையான பீங்கான் குழல் ஒன்றும், அதனூடே ஓர் உலோகத் தண்டும் உள்ளன. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தி முடிக்கும் தறுவாயில், பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் அந்தத் தண்டை வந்தடைகிறது. அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்ந்து கலவையைக் கொளுத்துகிறது. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறியெழுப்ப வேண்டும். அப்போது எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். 1902ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் போஷின் தொழிலகத்தில் ஹோனால்டு என்னும் பொறியாளர் உயர் மின்னழுத்தக் காந்த மின்னாக்கியையும் அதனோடு இயங்கும் பிளக்கையும் உருவாக்கினார். அதன் பிறகே மோட்டார் வண்டிகளுக்கு நம்பத்தக்க பொறி கிடைத்தது எனலாம். நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ நிறுவனத்தின் பிளக்குகள் ஓட்டுநர்களிடையே நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தன.

டீசல் எஞ்சினில் இவ்வுறுப்பு இல்லை. அங்கே காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பமே எரிபொருளை எரியவைத்துவிடும். ஆகவே வாய்க்காலோரத்து டீசல் பம்புசெட்டில் பிளக்கைத் தேட வேண்டாம்!

இனி, பிளக் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். சிலிண்டரை மேலிருந்து மூடும் உலோகப் பகுதிக்கு ஹெட் என்று பெயர். அதில் உள்ள துளையில் மரை வெட்டப்பட்டிருக்கும். பிளக்கின் உடலிலும் அதற்கு இணையான மரை உண்டு. கார்களில் நெடுங்காலமாகப் பெருவழக்காக உள்ள அளவு 14 மில்லிமீட்டர் விட்டமாகும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் 12 அல்லது 10 மில்லிமீட்டர் பிளக்குகளும் வருகின்றன. 14 மில்லிமீட்டர் பிளக்கில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றேகால் மில்லிமீட்டர். மரையின் ஆழமோ முக்கால் மில்லிமீட்டர் அளவே. சிலிண்டரின் அழுத்தம் முழுவதையும் தாங்கி நிற்பது இந்த முக்கால் மில்லிமீட்டர் உலோகந்தான். அது சிதைந்தால், விலை குறைந்த பிளக்குக்காக விலை மிகுந்த ஹெட்டையே கழற்ற நேரிடும். பிளக் போனால் வேறு வாங்கலாம். காக்க வேண்டியது துளையின் மரையே. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

பிளக் ஏன் இறுகுகிறது? முதற்காரணம் ஈரம். பழைய அம்பாசிடர் காரின் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஹெட் வார்ப்பிரும்பினால் ஆனது. இரும்போடு எஃகு சேருமிடத்தில் ஈரம் புகுந்தால் துரு ஏறும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையே நெருக்கி நிற்கும் அந்தத் துரு, ஆப்பு வைத்து இறுக்கியதற்கு ஒப்பாகும். 1983இல் வெளிவந்த மாருதி 800 முதலாக இக்காலக் கார்களில் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அங்கே அலுமினியமும் எஃகும் ஆகிய இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அவற்றிடையே உப்பு கலந்த நீர் சேர்ந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. அதில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி மரையை அடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் நனையும் நம் டெல்டாவிலும், நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களிலும் இதற்கு வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது காரணம் கரி. எஞ்சினுக்கு உரிய நீளத்தைவிட நீண்ட பிளக்கை மாட்டிவிட்டால், அதன் மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய மரைகளில் கரி படிந்து கெட்டியாகும். கழற்றும்போது அக்கரி துளையின் மரைகளுக்குள் நெருக்கிப் புகுந்து பிடித்துக்கொள்ளும். மூன்றாவது காரணம் மனிதக் கை. அளவுக்கு மீறி முறுக்கியதும், கோணலாக ஏற்றியதும், அழுக்கு மரையோடு பூட்டியதும் பின்னால் வருபவனுக்குத் துன்பமாக முடியும். பிளாட்டினம், இரிடியம் முனை கொண்ட இக்காலப் பிளக்குகளில் சில ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் ஓட்டம் வரை கழற்றப்படாமலே உள்ளே இருப்பதும் இறுக்கத்துக்குத் துணை செய்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1997ஆம் ஆண்டு, திருவையாற்றை அடுத்த கிராமம் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அறிவியல் கண்காட்சிக்காக என் மாணவர் இருவர், நீர் இறைக்கும் காற்றாலையின் மாதிரி ஒன்றை மூங்கில் சிம்பாலும் அட்டையாலும் ஒரு மாதம் உழைத்துச் செய்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்களையும் மாதிரியையும் என் காரில் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தேன். முதல் நாள் மாலை கார் திணறித் திணறி ஓடியது. வீட்டு வாசலில் நிறுத்திய உடனே, எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தபோதே, பிளக்குகளைக் கழற்றத் தொடங்கினேன். மூன்று வந்தன, நான்காவது வரவில்லை. பம்புசெட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு முழநீளக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பானரின் பிடியில் செருகி, உடல் பாரத்தையெல்லாம் சேர்த்து முறுக்கினேன். முதலில் ஒரு கிரீச்சொலி எழுந்தது. பின்பு வெண்ணெயில் திருப்புவதைப் போல அது இலகுவாகத் திரும்பியது. வென்றுவிட்டதாக மகிழ்ந்தேன். வெளியே வந்த பிளக்கைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல் மின்னிய இழை ஒன்று சுருண்டிருந்தது. அது ஹெட்டின் மரை.

மாணவர்கள் மறுநாள் காலைப் பேருந்தில் போனார்கள். கூட்ட நெரிசலில் காற்றாலையின் சக்கரம் நசுங்கிவிட்டது; சுழலாத காற்றாலையைக் கண்காட்சியில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று மாலை என் மேசைமேல் கிடந்த பிளக்கை அவர்களில் ஒருவன் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் உழவர் வீட்டுப் பிள்ளை. "ஐயா, இறுகிய மண்ணுக்குத் தண்ணீர் விட்டு ஊறப் போட்டுத்தானே உழுகிறோம்? இதற்கு அப்படி ஏதும் இல்லையா?" என்று கேட்டான். அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். அதனால்தான் அக்கேள்வி என்னை இன்னும் மிகுதியாகச் சுட்டது.

நான் செய்த தவற்றை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விசையைப் பிடியின் நீளத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். 14 மில்லிமீட்டர் பிளக்கை இறுக்குவதற்கு ஏறத்தாழ 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். கால் மீட்டர் நீளமுள்ள பிடியில் 12 கிலோ எடையளவு விசை கொடுத்தால் அந்த 30 கிடைத்துவிடும். பிடியை ஒரு மீட்டராக நீட்டிவிட்டு அதே விசையைக் கொடுத்தால் திருப்புத்திறன் நான்கு மடங்காகி 120ஐத் தொடும். நானோ நீட்டியதோடு நில்லாமல் உடல் பாரத்தையும் சேர்த்தேன். கைக்குத் தெரியும் எதிர்ப்பு, அபாயத்தை அறிவிக்கும் மொழியாகும். குழாயைச் செருகுவது அந்த மொழி நம் கைக்கு எட்டாதபடி காதைப் பொத்திக்கொள்வதே.

அந்த மாணவன் கேட்டதே சரியான வழி. மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்தவுடன் நம் உழவர் வெடித்த வயலில் ஏரைப் பூட்டுவதில்லை. நீரைக் கட்டி, மண் ஊறி இளகும் வரை காத்திருந்து, அதன் பின்னரே சேற்றுழவு செய்கிறார்கள். இறுகிய பிளக்குக்கும் முறை அதுதான். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எஞ்சின் முழுவதும் ஆறட்டும். இரவு முழுதும் ஆறினால் இன்னும் நல்லது. சாவியை எடுத்துவிடுங்கள். பிளக்குகளுக்குச் செல்லும் மின்கம்பிகளில் எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று எண்ணிட்டு அடையாளம் செய்யுங்கள். மாறிப்போனால் எஞ்சின் சரிவர ஓடாது. கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் முனையில் உள்ள தொப்பியைப் பிடித்து மெல்லத் திருகி எடுக்க வேண்டும். புதிய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு மின்சுருள் அமர்ந்திருக்கும். அதன் திருகைக் கழற்றி நேராக மேலே தூக்க வேண்டும்.

இரண்டாவது, பிளக்கைச் சுற்றியுள்ள குழியைத் தூய்மை செய்யுங்கள். அறுவடைக் காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் கார்களின் எஞ்சின் மீது வைக்கோல் தூசும் மண்ணும் படிந்திருக்கும். பிளக் அகன்றவுடன் அவை சிலிண்டருக்குள் விழுந்தால் அதன் வழவழப்பான சுவரைக் கீறிவிடும். சைக்கிள் பம்பினால் காற்றடித்தே இதைச் செய்துவிடலாம். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஊறவைத்தல். துரு இளக்கும் எண்ணெய் கடைகளில் கிடைக்கிறது. கிராமத்துப் பட்டறைகளில் மண்ணெண்ணெயோடு சிறிது எஞ்சின் எண்ணெயைக் கலந்தும் பயன்படுத்துவார்கள். பிளக்கின் அடியைச் சுற்றிச் சில சொட்டுகள் விட்டால் போதும். குழி நிறைய ஊற்ற வேண்டாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எந்த விதியாலோ, அதே நுண்புழை விதியால் அந்த எண்ணெய் மரைகளின் இடைவெளிக்குள் ஊர்ந்து செல்கிறது. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் வேகம் கிடையாது. சில மணி நேரமோ ஓர் இரவோ கொடுங்கள். இந்த எண்ணெய்கள் தீப்பற்றுபவை. சூடான எஞ்சின் மீது அவற்றை விடக் கூடாது. அருகே பீடியோ விளக்கோ இருக்கலாகாது.

நான்காவது, சரியான கருவி. 14 மில்லிமீட்டர் பிளக்குகளின் அறுகோணத் தலை பெரும்பாலும் 20.8 மில்லிமீட்டர் அல்லது 16 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதற்குப் பொருந்தும் பிளக் ஸ்பானரை அடிவரை நேராக இறக்குங்கள். சாய்ந்தால் பீங்கான் உடையும். ஒரு கையால் ஸ்பானரின் தலையை அழுத்திப் பிடித்து, மறு கையால் பிடியைச் சீராகத் திருப்ப வேண்டும். திடீரென்று வெட்டி இழுக்கக் கூடாது.

ஐந்தாவதே இக்கலையின் உயிர்நிலை. பிளக் சற்று அசைந்தவுடன் ஒரேயடியாகச் சுழற்றி எடுக்க முயலாதீர்கள். எட்டில் ஒரு பங்குச் சுற்று வெளியே திருப்புங்கள். இறுக்கம் தெரிந்தால் நிறுத்தி, மீண்டும் உட்புறம் திருப்புங்கள். இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சிறிது பொறுங்கள். பிறகு முன்னிலும் சற்று மிகுதியாக வெளியே திருப்புங்கள். இவ்வாறு முன்னும் பின்னும் திருப்புகையில், மரையில் அடைந்த துருவும் கரியும் பொடியாகி எண்ணெயோடு கலந்துவிடுகின்றன. இரும்பில் மரை வெட்டும் தொழிலாளி தம் கருவியை இப்படியே முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வெட்டுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 19 மில்லிமீட்டர் நீள மரையுள்ள பிளக் வெளிவர ஏறத்தாழ 15 சுற்றுகள் வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் நஷ்டமில்லை. பிடி வில்லைப் போல வளைந்துகொடுத்தும் பிளக் திரும்பவில்லையென்றால், உலோகம் முறுகுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, மீண்டும் ஊறவிட வேண்டும்.

இங்கே கூரிய மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பலாம்: "அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும் என்று படித்திருக்கிறோமே! அப்படியானால் சூடாக இருக்கும்போது துளை அகன்று பிளக் எளிதாக வர வேண்டாமா?" நல்ல வினா. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டிகிரிக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கும், எஃகு சுமார் 12 பங்கும் விரிகின்றன. 60 டிகிரி சூடேறினால், 14 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டுக்கும் ஏற்படும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. கிடைக்கும் இடைவெளி அவ்வளவு சிறிது. ஆனால் அலுமினியம் சூட்டில் வலிமை குறையும். முக்கால் மில்லிமீட்டர் மரை எளிதில் கிழியும். ஆகவேதான் ஆறிய எஞ்சினில் தொடங்க வேண்டும் என்பது விதியாயிற்று. எனினும் இரண்டு மூன்று முறை ஊறவைத்தும் அசையாத பிளக்குக்கு ஒரு வழி உண்டு. அது சிறிதும் தளராமல் முழு இறுக்கத்தில் இருக்கும்போதே, எண்ணெயை நன்கு துடைத்துவிட்டு, கழற்றியவற்றை மாட்டி எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் நிறுத்தி முயலலாம். இரு உலோகங்களும் இருவேறு அளவில் விரிவதால் நடுவில் உள்ள துருப்படலம் விரிசல் காணும். வெதுவெதுப்பு வேறு, கொதிப்பு வேறு என்பதை மறக்கலாகாது.

இவ்வளவும் செய்தும் பிளக் உடைந்துவிட்டால் அல்லது மரை கிழிந்துவிட்டால் என்ன செய்வது? சுத்தியலையும் உளியையும் எடுக்க வேண்டாம். எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவும் வேண்டாம். பீங்கான் துண்டு உள்ளே விழுந்திருந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து கெடும். அது பட்டறைக்கு உரிய வேலை. என் காரைச் செப்பனிட்ட கும்பகோணத்து முதியவர் ஒருவர், ஹெட்டைக் கழற்றித் துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச்சுருள் ஒன்றைப் பதித்தார். ஹெலிகாயில் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அந்தச் சுருளின் உட்புறமே பிளக்குக்குப் புதிய மரையாயிற்று. முழு வேலையும் முடியப் பத்து நாள் ஆயிற்று. ஓர் இரவு பொறுக்காதவன் பத்து நாள் பொறுத்தேன்.

கழற்றுவதைவிட மாட்டுவதில் கவனம் வேண்டும். ஏனெனில் அடுத்த முறை எளிதாக வருவதும் வராததும் இப்போது மாட்டும் முறையைப் பொறுத்தவை. எஞ்சினுக்குரிய கையேட்டில் கண்ட நீளமும் வகையும் உள்ள பிளக்கையே வாங்குங்கள். துளையின் மரையைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிய பிளக்கை ஸ்பானரால் அல்லாமல் விரலால் ஏற்றுங்கள். விரல் எட்டாத குழியானால் பிளக்கின் பீங்கான் முனையில் ஒரு சாண் ரப்பர்க் குழாயைச் செருகி, அதைத் திருகி இறக்கலாம். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும், எஞ்சின் பிழைக்கும். அடி தொட்ட பிறகு, வாஷர் உள்ள புதிய பிளக்கை ஸ்பானரால் ஏறத்தாழ அரைச் சுற்றும், வாஷர் இல்லாத கூம்பு அடியுள்ள பிளக்கைப் பதினாறில் ஒரு பங்குச் சுற்றும் இறுக்கினால் போதும். மரையில் பசை தடவலாமா என்பதில் கையேடு சொல்வதையே கேளுங்கள். சில பிளக்குகளின் மரை துருவைத் தடுக்கும் பூச்சோடுதான் வருகிறது; அதன்மேல் பசையும் தடவினால் வழுக்கல் மிகுந்து, நம்மை அறியாமலே அளவு கடந்து முறுக்கிவிடுவோம்.

மின்சாரக் கார்கள் பெருகி வரும் இந்நாளில், பிளக் என்னும் உறுப்பே ஒருநாள் பழம்பொருள் ஆகிவிடலாம். ஆயினும் இறுகிய திருகுகள் உலகில் இருந்துகொண்டே இருக்கும். கிணற்றடிக் குழாயிலும், சைக்கிள் அச்சிலும், மிதிக்கட்டையிலும் அவற்றை நீங்கள் சந்திப்பீர்கள். அங்கெல்லாம் கைக்கு வலு எவ்வளவு என்பதற்கு முன், அது ஏன் இறுகியது என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால், அதை இளக்கும் வழியும் தெரியும். வழி தெரிந்தால் காத்திருக்கவும் மனம் வரும்.

அந்தப் பிளக்கை நான் எறிந்துவிடவில்லை. அலுமினிய இழையோடு அது நான் ஓய்வு பெறும்வரை வகுப்பறை அலமாரியில் இருந்தது. வெப்ப விரிவும் நுண்புழை விதியும் திருப்புத்திறனும் பாடமாக வரும்போதெல்லாம் அதை எடுத்து மாணவரிடையே கைமாற்றி அனுப்புவேன். பாடத்தின் முடிவில், உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வியையும் சொல்வேன்.